சேலத்தில் நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் தடுப்பூசி அட்டையை நன்றாகப் பாருங்கள்

சேலம் சுற்றுவட்டாரத்தில் லாப்ரடார், பீகிள் என்று குட்டி தேடிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஓமலூர் ரோட்டுப் பக்கம் வீட்டிலேயே குட்டி எடுத்து விற்கிற ஒருவரிடம் 14,000 ரூபாய் கொடுத்து ஒரு லாப்ரடார் பெண் குட்டி வாங்கினோம். "அறுபது நாள் குட்டிங்கக்கா, முதல் ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்து குடுத்தாச்சு, இனி சாப்பாட்டுச் செலவு மட்டுந்தான்" என்றார். அத்தனையும் பொய்.

வீட்டுக்கு வந்த மறுநாளே குட்டி பாலைத் தொடவில்லை. அப்புறம் வாந்தி, அன்று ராத்திரியே ரத்தமாக வயிற்றுப்போக்கு. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் மலத்தில் பஞ்சுக் குச்சியைத் தொட்டெடுத்துச் சோதனை அட்டையில் விட்டார், கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடு விழுந்தது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே எடுக்கிற வைரஸ் நோய். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியவே பொதுவாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகுமாம், அப்படியென்றால் விற்றவர் வீட்டிலேயே தொற்றியிருக்கிறது. பிறகு வாயைத் திறந்து பார்த்தார், கடைவாய்ப் பக்கம் பல்லே சரியாக முளைக்கவில்லை. அறுபது நாள் ஆகியிருந்தால் பால் பல் ஏறக்குறைய எல்லாம் வந்திருக்க வேண்டும், இது நாற்பது நாள்கூட ஆகாத குட்டி என்றார்.

அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். நிஜமாகவே ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியில் இருக்கும் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டுவார்கள், அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும், பக்கத்தில் டாக்டரின் கையெழுத்து, பதிவு எண்ணோடு சீல். எங்கள் அட்டையில் எதையும் ஒட்டிய தடமே இல்லை. ஊசி போட்ட தேதி, பூச்சி மருந்து தேதி, அடுத்த ஊசித் தேதி எல்லாம் ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. சீல் மட்டும் இருந்தது, அது ஏதோ மருந்துக் கடையின் சீல்.

பார்வோ வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, வாந்தி நிற்க ஊசி போட்டு, வேறு கிருமி சேராமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, குட்டி தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். அதற்கே 23,000 ரூபாய்க்கு மேல் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு, குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விட்டான். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் என்று சொல்லி விற்றவன் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

எங்கள் குட்டி பிழைக்கவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தால், "உங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்கலைங்கக்கா, பாதி விலைக்கு வேற குட்டி எடுத்துக்கங்க" என்கிறார். தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். இந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். ஊசி முடியாத இன்னொரு குட்டி அதே வீட்டுக்குள் வந்தால் அதுவும் போய்விடும், அவருக்கு இன்னொரு வியாபாரம் ஆகிவிடும்.

2017 மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஊசி போட்டு, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள், பேச்சை மாற்றினால் வந்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன்பே குட்டியை உங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். ஒளிக்க எதுவும் இல்லாதவர் மறுக்க மாட்டார்.

செலவையும் யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதனால் நானே சொல்கிறேன். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு வருஷா வருஷம். பூச்சி மருந்து தனி. இதுபோக, குட்டியின் விலை எவ்வளவோ அதில் இரண்டு மடங்காவது அவசரச் சிகிச்சைக்கென்று ஒதுக்கி வைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் ராத்திரி பத்து மணிக்கு டிரிப் ஏற்றச் சொல்லும்போது யாரிடம் போய்க் கேட்பது?

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டோம், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஆள் இப்போதும் ஸ்டேட்டஸில் புதுக் குட்டிகள் படம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஓமலூர் ரோட்டுப் பக்கம் வாங்கி இதே மாதிரி மருந்துக் கடை சீல் போட்ட அட்டை வைத்திருப்பவர்கள், அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, ஜிபே ரசீது, அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், டாக்டர் சீட்டு எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.