பெங்களூர்ல போல் டான்ஸ், ஏரியல் கிளாஸ் சேரப் போறீங்களா? பணம் கட்டறதுக்கு முன்னாடி மேல நிமிர்ந்து பாருங்க

பெங்களூர்ல போல் டான்ஸ் (நட்டு வெச்ச கம்பில ஏறி ஆடறது), ஏரியல் ஹேமக், சில்க்ஸ் (கூரைல இருந்து தொங்கற துணில ஆடறது) கிளாஸ் தேடிட்டு இருக்கறவங்களுக்காக இத எழுதறேன், முக்கியமா தமிழ்நாட்டுல இருந்து வேலைக்கு வந்து, ஆபீஸ் விட்டா பிஜி ரூம்னு இல்லாம ஏதாவது கத்துக்கலாம்னு கிளம்பற பொண்ணுங்களுக்காக. இங்க ஒரு ஸ்டுடியோல எனக்கும் என் பேட்ச்ல இருந்தவங்களுக்கும் நடந்தத அப்படியே சொல்றேன். பேர் போட முடியாது, கம்ப்ளெயின்ட் போய்ட்டிருக்கு, வக்கீல் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. ஆனா பேர் தெரியாமலே இந்த மாதிரி இடத்த கண்டுபிடிச்சிடலாம், அதுக்காகத்தான் இவ்ளோ நீளம்.

நான் போலுக்கு புதுசு கிடையாது. முன்னாடி போய்ட்டிருந்த ஸ்டுடியோ ஊருக்கு அந்தப் பக்கம் மாறிடுச்சு, சில்க் போர்டு டிராஃபிக்க தாண்டி வாரா வாரம் போய் வர முடியல, அதனால வீட்டுப் பக்கத்துல புதுசா தொறந்த இதுல சேர்ந்தேன். பழைய இடத்துல டீச்சர் முதல் நாளே சொல்லிடுவாங்க, மோதிரம் வளையல் கழட்டிடணும், அன்னைக்கு பாடி லோஷன் தொடவே கூடாது, ஒவ்வொரு தடவையும் கம்பிய ஸ்பிரிட் போட்டு தொடச்சிட்டுத்தான் ஏறணும். ஷார்ட்ஸ் போடறத பாத்து நம்ம ஊர்ல என்னென்னவோ பேசுவாங்க, ஆனா தொடையும் முழங்கை மடிப்பும் இடுப்பும் நேரா கம்பில ஒட்டினாத்தான் ஒடம்பு மேல நிக்கும், துணி வழுக்கும், காரணம் அவ்ளோதான். ஃபயர்மேன் ஸ்பின், சேர் ஸ்பின், ஏறறது, தொடையால பிடிச்சு உக்கார்றது எல்லாம் ரெண்டு பக்கமும் நல்லா வந்தப்பறம்தான் தலைகீழா போற இன்வர்ட்ட பத்தி பேச்சே எடுப்பாங்க.

இந்த புது இடத்துல முதல் வாரமே இன்வர்ட். கம்பில ரெண்டு செகண்ட் தொங்கவே கை நடுங்கற பொண்ணு, டீச்சர் அவ இடுப்ப பிடிச்சு தூக்கி தலைகீழா திருப்பி நிறுத்தினாங்க, ஒருத்தர் டக்குனு போட்டோ எடுத்தாரு, இறக்கி விட்டுட்டாங்க. "பாருங்க முதல் கிளாஸ்லயே பண்ணிட்டீங்க"னு கை தட்டல். அந்த பொண்ணு ஒண்ணுமே கத்துக்கல, தோள்பட்டைய பிடிச்சிட்டு வீட்டுக்கு போனா. ஆனா அந்த போட்டோ அன்னைக்கு ராத்திரியே இன்ஸ்டாகிராம்ல.

நாலு கம்பி இருந்துச்சு, அதுல ரெண்டுதான் நிஜமான போல். மத்த ரெண்டும் படிக்கட்டு ரெய்லிங் பைப், ரெண்டு இன்ச் தடிமன், வெல்டு வெச்ச கோடு உள்ளங்கைல தட்டுப்படும். இன்னைக்கு எல்லாரும் வெக்கறது 45 எம்எம், கை சின்னதா இருக்கறவங்க 40 கூட வெப்பாங்க, விரல் சுத்தி பிடிபடலைனா பலம் இருந்தும் வழுக்கிடும். நிஜ போல் ரெண்டையும் எப்பவும் ஸ்பின்லயே விட்டிருந்தாங்க, அதாவது கம்பியே சுத்தற மாதிரி. புதுசா வர்றவங்களுக்கு அசையாத ஸ்டாட்டிக்லதான் ஆரம்பிக்கணும், மாத்தறதும் கஷ்டம் இல்ல, கீழ இருக்கற குட்டி ஸ்க்ரூவ ஆலன் கீயால இறுக்கினா போதும். மாத்தி குடுங்கனு கேட்டேன், அந்த ஆலன் கீ எங்கனு டீச்சருக்கே தெரியல, கல்லா டிராவ தொறந்து தேடிட்டு "இன்னைக்கு அப்படியே பண்ணிடுங்க"னுட்டாங்க.

இதவிட பெரிய விஷயம் மேல இருந்துச்சு. ஹால் முழுக்க ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், லைட் பதிச்சு பாக்க ஜோரா இருக்கும். தரைக்கும் கூரைக்கும் நடுவுல அழுத்தி நிக்கற டைப் போலுக்கு அந்த அழுத்தம்தான் பலமே, மேல கான்கிரீட் இருக்கணும். அத ஜிப்சம் போர்டுல முட்டுக் குடுத்து நிறுத்தினா போர்டு கொஞ்சம் கொஞ்சமா உள்வாங்கி என்னைக்காவது கம்பி சாயும். ஓனர்கிட்ட கேட்டேன். "உள்ள பிளைவுட் சப்போர்ட் இருக்கு, எஞ்சினியர் பாத்து சர்டிஃபிகேட் குடுத்திருக்காரு மேடம்"னாரு. ஹேமக், சில்க்ஸ் மாட்டியிருக்கறதும் அதே எஞ்சினியர் பாத்ததாம். சர்டிஃபிகேட்ட காட்டுங்கனா மெயில் பண்றேன்பாரு. கடைசி வரைக்கும் வரல.

அப்பறம் ஏசில தண்ணி ஒழுகுதுனு ஒரு நாள் மெக்கானிக் வந்தாரு, ஓசூர்க்காரர், தமிழ்லயே பேசினாரு. ஹேமக் தொங்கற இடத்துக்கு பக்கத்து பேனல கழட்டிட்டு டார்ச் அடிச்சவரு, ஏணில நின்னபடியே "மேடம், நீங்க தொங்கறது இதுலயா?"னு கேட்டாரு. அவரு இறங்கினதும் நான் ஏறிப் பாத்தேன். கான்கிரீட் போடறப்ப ஃபேனுக்குனு விடற கொக்கி. அதுக்குக் கீழ ஒரு த்ரெட் ராடு. ரெண்டையும் சேத்து கட்டுக்கம்பியால சுத்தி முறுக்கி விட்டிருக்காங்க, செண்ட்ரிங் வேலைல கம்பி கட்டற அதே கட்டுக்கம்பி. துரு உதிர்ந்து ஜிப்சம் மேல செவப்பா தூளா கிடந்துச்சு. ராடு முனைல மாட்டியிருந்த கேரபினர், அதாவது வாய தொறந்து மூடற உலோக வளையம், கீழ இருந்து பாக்கறப்ப பளபளனு இருக்குமே, அத திருப்பிப் பாத்தா "நாட் ஃபார் க்ளைம்பிங்"னு பொறிச்சிருக்கு. சாவிக்கொத்துக்கும் டிராவல் பேகுக்கும் மாட்டற சாமான். "நான் இண்டோர் யூனிட்ட கூட இதுல நம்பி விடமாட்டேன் மேடம்"னாரு அந்த அண்ணன். எனக்கு கால் ஆடிப்போச்சு, முந்தின நாள்தான் அதுல தலைகீழா தொங்கியிருக்கேன்.

இத கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா கிளாஸ்ல யாருமே இத சொல்லிக் குடுக்கறதில்ல. சரியான கேரபினர்னா அதோட ஒடம்புலயே கேஎன்னு (கிலோ நியூட்டன், இழுவை பலத்தோட அளவு) போட்டு நம்பர் குத்தியிருக்கும், நீளவாக்குல 22, 25ங்கற மாதிரி, குறுக்குல இழுத்தா எவ்ளோனு தனி நம்பர், வாய் தொறந்திருந்தா எவ்ளோனு இன்னொண்ணு. ஒரு கேஎன்னா சுமாரா 100 கிலோ. 55 கிலோ இருக்கற பொண்ணு சும்மா தொங்கறப்ப மட்டும்தான் அது 55 கிலோ, சில்க்ஸ சுத்திக்கிட்டு ஒரு டிராப் விழுந்து சடக்குனு நின்னா அந்த நொடி மேல இருக்கற கொக்கிக்கு அது பல மடங்கா இழுக்கும். அதனாலதான் மனுஷங்க தொங்கற இடத்துல எதிர்பாக்கற பாரத்தப் போல பத்து மடங்கு தாங்கற மாதிரி மாட்டறது வழக்கம். ஸ்டீல் பீம்லயோ கான்கிரீட்லயோ பிளேட் வெச்சு ஆங்கர் போல்ட் அடிச்சு, அதுல கேரபினர், துணி முறுக்காம இருக்க நடுவுல ஸ்விவல், அதுக்கப்பறம்தான் துணி. பிரிட்டன்ல தொழில்ரீதியா மனுஷங்கள தூக்கற சாதனங்கள ஆறு மாசத்துக்கு ஒருதடவ விவரம் தெரிஞ்ச ஆள் முழுசா பரிசோதிக்கணும்னு 1998லயே விதி போட்டுட்டாங்க. நம்ம பக்கம் ஒரு ஏரியல் ஸ்டுடியோவ அப்படி யாரும் வந்து பாத்து நான் கேள்விப்பட்டதில்ல. அதனால பாக்க வேண்டியது நாமதான், கேக்க வேண்டியதும் நாமதான்.

போட்டோ எடுத்து பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அஞ்சு நிமிஷத்துல அட்மின் அத டெலீட் பண்ணி என்னையும் தூக்கிட்டாரு. மத்தவங்களுக்கு "ஒரு மெம்பர் நெகட்டிவிட்டி பரப்பறாங்க, ரிக்கிங் நூறு பர்சென்ட் சேஃப்"னு மெசேஜ், ரிக்கிங்னா மேல மாட்டியிருக்கற அமைப்பு. எனக்கு நம்பர் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் தனித்தனியா போன் பண்ணி சொன்னேன், சில பேர் நின்னுட்டாங்க, சில பேர் பணம் கட்டியாச்சேனு போனாங்க. போனவங்கள்ல திருப்பூர் பொண்ணு ஒருத்தி, என்ன அக்கா அக்கானு கூப்பிடுவா, அடுத்த வாரமே ஹேமக்ல இருக்கறப்ப அந்த ராடு கழண்டு கீழ விழுந்தா. கீழ போட்டிருந்தது குழந்தைங்க விளையாடற பசில் மேட், விரல் தடிமன் கூட இருக்காது. ஏரியலுக்கு ஒரு சாண் உயரமாவது கிராஷ் மேட் வேணும். மணிக்கட்டு ஒடஞ்சு பிளேட் வெச்சாங்க. தலை முதல்ல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு.

ஆஸ்பத்திரிக்கு ஓனர் வரல, போன்லதான் பேசினாரு, என்ன பேசினாருனு கேளுங்க. "பொண்ணு லோஷன் போட்டுட்டு வந்திருக்கும்". கூரைல இருந்து ராடே கழண்டு விழுந்திருக்கு, இதுல லோஷன் எங்க வந்துச்சு? அப்பறம் சேர்றப்ப கையெழுத்து வாங்கின ஃபார்ம அனுப்பினாரு, எது நடந்தாலும் என் பொறுப்புனு அதுல இருக்காம். விளையாட்டுல இயல்பா வர்ற அடிக்கு நாம பொறுப்பு ஏத்துக்கறது வேற, அவங்க கட்டுக்கம்பில தொங்க விட்டதுக்கு நாம பொறுப்பாக முடியாது. அந்த காகிதத்த காட்டினா அதோட பேச்சு முடிஞ்சதுனு யாரும் பயந்துடாதீங்க, வக்கீல் எங்ககிட்ட முதல்ல சொன்னதே இதுதான்.

வீடியோ விஷயம் இன்னொரு கொடுமை. ஒரு சனிக்கிழமை பர்லெஸ்க், அதாவது கிண்டலும் கவர்ச்சியும் கலந்த மேடை ஆட்டம், அதுக்கு ஒர்க்‌ஷாப் வெச்சாங்க, தனி காசு, வெளில இருந்து வந்த ஒரு ஆர்ட்டிஸ்ட் நடத்தினாங்க, அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அருமையா சொல்லிக் குடுத்தாங்க. 1868ல லிடியா தாம்சன்னு ஒரு இங்கிலாந்து நடிகை தன்னோட குழுவோட நியூயார்க் போய், பொம்பளைங்களே ஆம்பள வேஷம் கட்டி பெரிய மனுஷங்கள கிண்டல் அடிச்சு ஆடினதுல இருந்து அங்க இது எப்படி வளர்ந்துச்சுனு ஆரம்பிச்சாங்க. கையுறைய ஒவ்வொரு விரலா தளர்த்தி கழட்டறதுக்கே முக்கால் மணி நேரம். எத காட்டணும், எப்ப காட்டணும், யாருக்கு காட்டணும்ங்கறத மேடைல நிக்கறவதான் முடிவு பண்றா, அதுதான் இந்த கலையோட உயிர்னு சொன்னாங்க. நான் அத முழுசா நம்பறேன். அதனாலதான் கோவம் அடங்க மாட்டேங்குது. அந்த ரூம்ல வீடியோ எடுக்க மாட்டோம்னு சொல்லித்தான் எங்கள உள்ள விட்டாங்க, சிசிடிவில பதிவானத வெட்டி, பாட்டு போட்டு, அடுத்த பேட்சுக்கு பணம் குடுத்து விளம்பரமா ஓட்டியிருக்காங்க. ஒரு பொண்ணோட ஆபீஸ் மேனேஜர் பாத்துட்டாரு. இன்னொருத்தியோட சித்தப்பா மதுரைல பாத்துட்டு அவங்கப்பாவுக்கு அனுப்பியிருக்காரு. எடுங்கனு கெஞ்சினதுக்கு "முகம் தெளிவா தெரியலையே"னு பதில். நாங்க எல்லாரும் ஒரே நேரத்துல ரிப்போர்ட் பண்ணி, வக்கீல் நோட்டீஸும் போனப்பறம்தான் எடுத்தாங்க.

இத வெளில சொன்னப்ப "அந்த மாதிரி டான்ஸ் ஆடப் போனா அப்படித்தான் நடக்கும்"னு சொன்னவங்களும் உண்டு, எங்க சொந்தத்துலயே. விழுப்புரத்துல சின்ன பசங்க பொண்ணுங்க எல்லாம் விளக்கெண்ணெய் தடவின மரத்துல ஏறி மல்லர் கம்பம் பண்றாங்க, அத கை தட்டி பாக்கறோம். இங்க மரத்துக்கு பதிலா இரும்பு. வயித்துக்கும் தோளுக்கும் வேணும்கற பலம் ரெண்டுலயும் ஒண்ணுதான். தப்பு ஆடினவங்க மேல இல்ல, துருப்பிடிச்ச கம்பில தொங்க விட்டு காசு வாங்கினவன் மேல.

காசுனு சொன்னதும், அதையும் சொல்லிடறேன். மூணு மாச பேக்கேஜ் 27,000, "இன்னைக்கு கட்டினாத்தான் இந்த ரேட்". ஓனரோட சொந்த நம்பருக்கு ஜிபே, பில் கேட்டா அடுத்த வாரம்னு இழுத்தாங்க. மீதி கிளாஸுக்கு பணத்த திருப்பிக் கேட்டா நான்-ரீஃபண்டபிள்னு போர்ட காட்டினாரு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் குடுக்காததே நியாயமில்லாத வியாபாரம்னு இருக்கு. குறையுள்ள சேவைக்கு பணம் திருப்பிக் குடுக்க பில்லுல கெடு எதுவும் போடலைனா முப்பது நாளைக்குள்ள குடுக்கணும்னும் இருக்கு. முதல்ல 1915ங்கற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணேன், தமிழ்லயும் பேசலாம். அதுக்கு ஓனர் பதிலே போடல. வக்கீல் நோட்டீஸ் போனப்பறம் என் மீதிப் பணம் பாதி வந்துச்சு, மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டிருக்கேன். கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளனா ஃபீஸே கிடையாது, நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், பிரச்சன நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். திருப்பூர் பொண்ணோட கேஸ் தனி, அதுக்கு நான் எடுத்த அந்த கட்டுக்கம்பி போட்டோவும் ஆஸ்பத்திரி பேப்பரும்தான் முக்கிய ஆதாரம்.

ஸ்டுடியோ பாக்கப் போறீங்கன்னா ட்ரையல் கிளாஸ் அன்னைக்கே கேளுங்க, இது எதுல மாட்டியிருக்கு, யார் மாட்டினது, கடைசியா எப்ப கழட்டிப் பாத்தீங்கனு. என் பழைய டீச்சர்கிட்ட இத கேட்டா சந்தோஷமா ஏணி போட்டு காட்டுவாங்க, துணில கிழிசல் இருக்கானு வாரா வாரம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து நோட்டுல தேதி போடுவாங்க. கேட்டதும் மூஞ்சி மாறுதுன்னா பைய எடுத்துட்டு வந்துடுங்க. டீச்சருக்கு சர்டிஃபிகேட் இருக்குனு சொன்னா அது எத்தன நாள் கோர்ஸ், விழறவங்கள எப்படி தாங்கறதுனு அதுல சொல்லிக் குடுத்தாங்களானு கேளுங்க, சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டினதெல்லாம் ஒரே தரம் கிடையாது. பணத்த மாசா மாசம் கட்டுங்க, கம்பெனி பேர்ல இருக்கற அக்கவுண்டுக்கு மட்டும் கட்டுங்க. போட்டோ வீடியோக்கு சம்மதம் இல்லைனு எழுத்துல குடுத்து அதோட காப்பிய வெச்சுக்கோங்க.

இப்ப அந்த இடம் பூட்டியிருக்கு, ஆனா அதே ஓனர் வேற பேர்ல வேற ஏரியால தொறக்கப் போறாருனு விளம்பரம் ஓடுது, பழைய ஹால் போட்டோவ வெச்சே. ஊதா கலர் ஹேமக், பின்னாடி சுவர் முழுக்க கண்ணாடி, ஓரத்துல நியான் லைட்ல றெக்க வரைஞ்சிருக்கும், அத பாத்தா சேராதீங்க. அங்க படிச்சு பணம் மாட்டிக்கிட்டவங்க, அடிபட்டவங்க யாராவது இத படிச்சா ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் சாட்டையும் அழிச்சிடாம எனக்கு மெசேஜ் பண்ணுங்க, வக்கீல் நம்பர் தர்றேன், சேந்தே போடலாம்.