ஒலிம்பஸ் 290 வரிசை உருப்பெருக்கும் கொலனோஸ்கோப்: என்.பி.ஐ. எதுவரை கைகொடுக்கிறது?

ஒலிம்பஸ் நிறுவனத்தின் 290 வரிசையில் உள்ள உருப்பெருக்கும் கொலனோஸ்கோப்பின் (பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் அகநோக்கியின்) தகுதியை அதன் கைப்பிடியிலிருக்கும் ஒரு சிறு பொத்தானைக் கொண்டே அளக்கலாம். அதை அழுத்தியதும் வழக்கமான வெள்ளை ஒளி விலகி, 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய குறுகிய நீல, பச்சைக் கற்றைகள் மட்டும் பெருங்குடலின் உட்சுவரில் விழுகின்றன. இவ்விரண்டையும் ஹீமோகுளோபின் மிகுதியாக உறிஞ்சுவதால், மேற்பரப்பிலுள்ள தந்துகிகள் பழுப்பாகவும், சற்று ஆழத்தில் ஓடும் சிரைகள் நீலப்பச்சையாகவும் பிரிந்து தெரிகின்றன. என்.பி.ஐ. (நேரோ பேண்ட் இமேஜிங், அதாவது குறுகிய கற்றைப் படமாக்கம்) என்று மருத்துவர்கள் சுருக்கமாக அழைப்பது இதைத்தான்.

முதல் தலைமுறைக் கருவிகளில் இந்த ஒளி பெருங்குடலின் அகன்ற உட்புறத்துக்குப் போதாமல் மங்கலாக இருந்தது. ஆகவே பாலிப்புகளை (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டிகளை) தேடுவதற்கு அது பெரிதாக உதவவில்லை. 290 வரிசையில் வெளிச்சம் நன்றாகக் கூடியிருக்கிறது. ஆனால் குடல் சுத்தமாக இல்லையென்றால் அந்த மேம்பாடு வீணாகிவிடும், ஏனெனில் தேங்கி நிற்கும் பித்தம் கலந்த நீர் என்.பி.ஐ. ஒளியில் இரத்தம்போலச் சிவந்து காட்சியையே மறைத்துவிடுகிறது.

இக்கருவியின் உண்மையான பலம், கண்டுபிடித்த கட்டி எப்படிப்பட்டது என்று அந்த இடத்திலேயே சொல்ல முடிவதில் இருக்கிறது. சுமார் 80 மடங்கு வரை பெரிதாக்கி, இரத்தக்குழாய்களின் அமைப்பையும் மேற்பரப்பின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க, ஜப்பானிய வல்லுநர் குழுவொன்று 2014ஆம் ஆண்டில் ஜே.நெட் என்ற வகைப்பாட்டை முன்வைத்தது. குழாய்கள் கண்ணுக்குப் படாத வகை 1 பெரும்பாலும் மிகைவளர்ச்சிப் பாலிப். குழாய்கள் சீரான பருமனுடன் ஒழுங்காகப் பரவிய வகை 2ஏ பெரும்பாலும் சாதாரண அடினோமா (இன்னும் புற்றாகாத சுரப்பித் திசுக்கட்டி). குழாய்கள் அறுந்து, வெற்றிடங்கள் தோன்றும் வகை 3 ஆழமாக ஊடுருவிய புற்று. இம்மூன்றிலும் இக்கருவியைத் தயக்கமின்றி நம்பலாம் என்பது என் மதிப்பீடு.

சிக்கல் வகை 2பியில் வருகிறது. குழாய்களின் பருமனும் பரவலும் ஒழுங்கு குலைந்த இந்த வகைக்குள், சளிப்படலத்தைத் தாண்டாத புற்றும் இருக்கலாம், சளியடிப்படலத்துக்குள் ஆழமாக இறங்கிய புற்றும் இருக்கலாம். ஊடுருவல் 1,000 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால் அகநோக்கி வழியாகவே அகற்றிவிடலாம், அதைத் தாண்டினால் நிணநீர்க்கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பைக் கருதி அறுவை சிகிச்சையை யோசிக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த ஒரு வகையில் ஏற்படும் தடுமாற்றம் நோயாளிக்குச் சிறிய விஷயமன்று. இங்கே பொத்தானை விட்டுவிட்டுப் சாயமிட்டுப் பார்க்கும் பழைய முறைக்கே திரும்ப வேண்டும்: ஒட்டியிருக்கும் சளியை வெதுவெதுப்பான நீரால் மெல்லக் கழுவி, 0.05 சதவீதக் கிரிஸ்டல் வயலெட் கரைசலைச் சொட்டிச் சில நிமிடங்கள் காத்திருந்து, ஜப்பானிய மருத்துவர் குடோ ஷின்-எய் வகுத்த குழிவாய் (சளிப்படலச் சுரப்பிகளின் நுண்திறப்பு) அமைப்புகளில் ஐந்தாம் வகையைத் தேட வேண்டும். குழிவாய்கள் சீர்குலைந்து கிடக்கின்றனவா, அல்லது அடையாளமின்றி அழிந்தேவிட்டனவா என்பது அப்போது தெளிவாகிறது. தட்டையாக, நடுவே பள்ளம் விழுந்த சிறு கட்டிகளின் விளிம்பைக் காட்டுவதிலும் இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தின் தெளிப்புக்கு நிகராக என்.பி.ஐ.யை என்னால் சொல்ல முடியவில்லை. (சாயத்தை எடுத்துவைக்கச் சோம்பல்படும் பிரிவுகளே இந்தப் பொத்தானை மிகையாகப் புகழ்கின்றன என்பது என் ஐயம்.)

அருகு, தொலைவு என இரு நிலைக் குவியம் மட்டும் கொண்ட மாதிரிகளோடு ஒப்பிட்டால், நெம்புகோலால் சிறிது சிறிதாகப் பெரிதாக்கும் இம்மாதிரி பழகக் கடினமானது. குடல் அசையும், மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஏற்பக் காட்சி குவியத்தை விட்டு நழுவும். வாங்குகிறவர்கள் நுனியில் மாட்டும் மென்மையான கறுப்பு உறையையும் கட்டாயம் சேர்த்து வாங்கிவிட வேண்டும். லென்ஸுக்கும் திசுவுக்கும் இடையே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளியை அந்த உறைதான் நிலைநிறுத்துகிறது. அதில்லாமல் முழு உருப்பெருக்கத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பகுதி மங்கலாகவே இருக்கும்.