நடுவட்டத்துச் சின்கோனா வரலாறு: நூலகங்களோடு சில ஆண்டுகள்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் நடுவட்டத்தைக் கடப்பவர்கள் தேயிலையைத்தான் பார்க்கிறார்கள். 1860-களில் அங்கே அரசாங்கம் வளர்த்தது சின்கோனா. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அதன் பட்டையிலிருந்துதான் வந்தது. பினாங்கு, சிங்கப்பூர் பக்கத்துப் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் அந்தத் தோட்டத்தில் உழைத்தார்கள். அவர்களைப் பற்றி எழுதுவதற்காகச் சில ஆண்டுகளாக நூலகங்களைப் பயன்படுத்திவருகிறேன். மலையில் இருந்துகொண்டே ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் கிரிக் தொகுத்த 1880-ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டக் கையேடு. பிரான்சிஸ் எழுதிய 1908 கெசட்டியர், அதாவது மாவட்ட விவர நூல், படிக்க எளிது. ஆனால் சம்பவங்களுக்கு நெருக்கமாக நின்று எழுதப்பட்டது கையேடுதான். இரண்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தேடும்போது ஊர்ப்பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளைக்கார அதிகாரிகள் நடுவட்டத்தை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். பழைய அச்செழுத்தைக் கணினியும் தப்பாகப் படிக்கிறது. தோட்டத்தை நடத்திய மெக்கைவர், தென் அமெரிக்காவிலிருந்து செடிகளும் விதைகளும் வர ஏற்பாடு செய்த கிளமென்ட்ஸ் மார்க்கம் என்று ஆட்களின் பெயரைப் போட்டால் பக்கம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

கணினிப் பிரதியால் எல்லாம் தீர்ந்துவிடாது. பழைய நூல்களில் மடித்து ஒட்டிய வரைபடங்களைப் பல இடங்களில் விரிக்காமலே படம் பிடித்திருக்கிறார்கள். திரையில் தெரிவது மடிப்பின் முதுகும் பாதி ஓடையும்தான். அச்சுநூலைக் கையில் எடுத்து, விளிம்பு கிழியாமல் மேசையில் விரித்துப் பார்த்தால்தான் எந்தச் சரிவு, எந்த ஓடை என்று புரியும். இதற்காகவே 1859-இல் தொடங்கப்பட்ட ஊட்டி நீலகிரி நூலகத்தை மதிக்கிறேன். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம் வரைந்து கொடுத்த கட்டடம் அது. உறுப்பினர்களுக்கான நூலகம் என்பதால், போவதற்கு முன்பே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. வேறொரு நூலகத்தில், பட்டியலில் இருந்த நூல் அலமாரியில் இல்லை. எங்கே போனது என்று சொல்லவும் ஆள் இல்லை. ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய வேதனை கிடையாது.

உண்மையான சுரங்கம் சென்னை எழும்பூரில், ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரல். கல்லூரியின் பரிந்துரைக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். கோப்புகள் துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் கிடக்கின்றன. ஆகவே "சின்கோனா எங்கே?" என்று கேட்பதைவிட, "அந்தக் காலத்தில் இதற்கு எந்த அலுவலகம் பொறுப்பு?" என்று கேட்க வேண்டும். செடி, நிலம், செலவு எல்லாம் வருவாய்த் துறையில் வரும். சீனத் தொழிலாளர்கள் கைதிகள். சிறைகளைக் கவனித்ததோ நீதித் துறை. ஒரே தோட்டத்தின் கதை இப்படி இரண்டு துறைகளில் பிரிந்து கிடக்கிறது. வருவாய்க் கட்டுகளோடு நின்றுவிட்டால் மனிதர்கள் விடுபட்டுப்போவார்கள், மரங்கள்தான் மிஞ்சும். கையேட்டின் அடிக்குறிப்பில் அரசாணை எண்ணும் தேதியும் இருந்தால் முதலில் அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் அச்சிட்ட அகரவரிசைப் பட்டியலில் பார்த்துவிட்டுக் கோரிக்கைச் சீட்டு எழுதினால் பாதி நாள் மிச்சமாகும்.

தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் கட்டைத் தர மாட்டார்கள், அது நியாயமே. அப்போது உதவுவது, சின்கோனா பற்றிய கடிதப் போக்குவரத்தைத் தொகுத்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1863-இல் அச்சிட்ட அறிக்கை. மெக்கைவர் மேலதிகாரிகளுக்கு எழுதியவற்றை அதில் வரிசையாகப் படிக்கலாம்.

கைதிகள் விடுதலைக்குப் பின் என்ன ஆனார்கள் என்பதற்கு, தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் தொகுதிகளில் தமிழ்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்ட சீனர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. மனிதர்களை அளந்து தரம்பிரித்தவரின் பார்வை அது. எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அந்தப் பெண்கள் தமிழில் என்ன சொன்னார்கள் என்பதை நான் பார்த்த எந்தக் கோப்பும் பதிந்துவைக்கவில்லை. அடுத்ததாக, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பழைய தமிழ் இதழ்களில் தேடப்போகிறேன்.