சட்டத்தைச் சொல்லியே 36,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

36,000 ரூபாய். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரப் படங்களுக்குக் குழந்தைகளை ஏற்பாடு செய்து தரும் ஓர் ஏஜென்சி. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், போடவில்லை. என் 8 வயது மகளைத் தேர்வு செய்துவிட்டார்களாம், மூன்று விளம்பரங்களுக்கு மொத்தம் 1,80,000 ரூபாயாம்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருக்கிறதே, இது செல்லுமா என்று முதலில் கேட்டதே நான்தான். விழுந்ததும் அங்கேதான். ஏஜென்சியில் பேசிய பெண் சிரித்துக்கொண்டே ஒரு கோப்பை விரித்தார். "அக்கா, 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016 திருத்தம் சொல்கிறது. ஆனால் சினிமா, தொடர், விளம்பரத்தில் நடிக்க விலக்கு உண்டு. 2017 விதிப்படி சம்பளத்தில் 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கியில் இருக்க வேண்டும். அதை நீங்கள் முதலில் கட்டிவிட்டால் கலெக்டர் அனுமதி வந்துவிடும். சம்பளத்தோடு உங்கள் பணமும் திரும்பிவிடும்."

இவ்வளவு சட்டம் பேசுகிறவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன் பாருங்கள்! அன்று மாலையே 36,000 ரூபாயை அனுப்பினேன்.

அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அந்தக் குறைந்தபட்ச 20 சதவீதத்தைக் கட்ட வேண்டியவர் தயாரிப்பாளர்; அதுவும் குழந்தை சம்பாதித்ததிலிருந்து, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில், குழந்தை பெயரில் நிரந்தர வைப்பாக. பெற்றோர் முன்பணம் கட்ட வேண்டும் என்று விதியில் ஒரு வரிகூடக் கிடையாது. இதை நான் படித்தது நேற்று இரவு.

நடுவில் 'சோதனைப் படப்பிடிப்பு' வேறு. காலை 9 மணிக்குப் போனவளை மாலை ஐந்தரைக்குத்தான் விட்டார்கள். சாப்பிட ஒரு பிஸ்கட் பாக்கெட். ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அதே விதி சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் அவர் விரித்துக் காட்டவில்லை. கால் வலிக்கிறது என்று அவள் அழுதபோது, "தங்கம், இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நானும் சேர்ந்து கெஞ்சினேன். அதை நினைத்தால் என்மீதே ஆத்திரம் வருகிறது.

பிறகு அலைக்கழிப்பு. கணக்காளர் விடுப்பில். தயாரிப்பாளர் வெளியூரில். வைப்பு ரசீது எங்கே என்றால், "அது குழந்தைக்கு 18 வயதானதும்தான் கைக்கு வரும் அக்கா, சட்டம் அப்படி." மறுபடியும் சட்டம்! கடைசியில் அது வைப்பே இல்லையாம், பதிவுக் கட்டணமாம், திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். இன்று காலையிலிருந்து என் அழைப்பே போகவில்லை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர்தான் அனுமதி வாங்க வேண்டும்; அதில் உங்கள் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குக் காட்டியதில் வேறு குழந்தைகளின் பெயர்கள். நான் முத்திரையை மட்டும் பார்த்தேன். ஆன்லைனில் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. நான் நான்கு வாரம் காத்திருந்து கெட்டேன். குழந்தையை வதைத்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

காவல் நிலையத்துக்குக் கிளம்புகிறேன். அந்த 36,000 ரூபாய் அனுப்பியதற்கான வங்கிப் பதிவை இன்னும் அச்சிடவில்லை.