நடைபாதைக்கு சோலார் குச்சி விளக்கா, வயர் விளக்கா?

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து திண்ணை வரை 40 அடி. நடுவில் ஒரு மாமரம், இரண்டு பக்கமும் செடிகள். மயிலாடுதுறைப் பக்கம் கிராமம். இருட்டிவிட்டால் பாதையில் என்ன கிடக்கிறது என்று பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆன்லைனில் ஆறு சோலார் குச்சி விளக்குகளை 900 ரூபாய்க்கு வாங்கி வரிசையாகக் குத்தி வைத்தேன். இன்றைக்கு அந்தப் பாதையில் எரிவது 12 வோல்ட் வயர் விளக்கு. அதற்காக சோலார் விளக்கே வீண் என்று சொல்ல மாட்டேன். நான்தான் தப்பான காரணத்துக்காக வாங்கினேன்.

அந்தக் காரணம் கரண்ட் பில். ஒரு விளக்கின் தலையைத் திருகிக் கழற்றிப் பார்த்த அன்றே அது தெளிந்துவிட்டது. உள்ளே பென்சில் செல் அளவில் ஒரே ஒரு ரீசார்ஜ் பேட்டரி, 1.2 வோல்ட், கொள்ளளவு 600 எம்ஏஹெச் (மில்லிஆம்ப்-மணி). கட்டைவிரல் நகமளவு சர்க்யூட், அரிசிமணி போல ஒரு எல்இடி, அவ்வளவுதான். பேட்டரி முழுசாக நிரம்பினாலும் அதில் இருப்பது 0.72 வாட்-மணி. ஆறு விளக்கும் வருஷம் முழுக்க ஒரு நாள் தவறாமல் நிரம்பி எரிந்தால்கூட மொத்தம் 1.6 யூனிட்டைத் தாண்டாது. வீட்டு சீலிங் ஃபேன் 75 வாட் என்றால், அதை வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்ட முடியாது. இதில் மிச்சம் பிடித்து என்ன செய்ய?

வெளிச்சமும் அதற்குத் தகுந்த மாதிரிதான். வெளிச்சத்தை லூமனில் அளப்பார்கள்; ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய 12 லூமன் தரும். மலிவான குச்சி விளக்குகள் பெரும்பாலும் அதைக்கூட எட்டுவதில்லை. கார்த்திகைக்கு வரிசையாக அகல் ஏற்றி வைத்த மாதிரி பார்க்க அழகாக இருக்கும். பாதையின் ஓரம் எது என்று காட்டும், பாதையில் கிடப்பது கயிறா பாம்பா என்று காட்டாது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும் என்பதால் எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வாங்கிய மறுநாள் அம்மா கையில் டார்ச்சோடு வந்து, "விளக்கு எரியுதான்னு டார்ச் அடிச்சுல்ல பாக்க வேண்டியிருக்கு" என்றார்.

ஆறில் இரண்டு மாமர நிழலில் இருந்தன. ஏழு மணிக்கு எரிந்து எட்டு மணிக்கு அணைந்துவிடும். கேட்டை ஒட்டி நட்ட ஒன்று எரியவே இல்லை. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் போனேன். அப்புறம்தான் புரிந்தது: இந்த விளக்குகளில் சோலார் தகடேதான் இருட்டை உணரும் சென்சார். மேலே தெருவிளக்கு எரிந்தால் அதற்கு இன்னும் பகல்தான்.

பருவமும் ஒத்துழைக்காது. ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்குப் பாதை விளக்கு மிகவும் தேவை. சேறு, சீக்கிரமே இருட்டும் மாலை, வளையில் தண்ணீர் புகுந்து வெளியே வரும் பூச்சிபொட்டுகள். அந்த மாதங்களில்தான் நாள் கணக்கில் வெயில் வராது. சித்திரை, வைகாசியில் வெயிலுக்குக் குறையில்லை, ஆனால் அந்தச் சூடே பேட்டரிக்கு ஆகாது. இந்த வகை பேட்டரியை 45 டிகிரிக்கு மேலான சூட்டில் சார்ஜ் செய்தால் ஆயுள் குறையும். கறுப்புப் பிளாஸ்டிக் மூடிக்குள், அக்னி நட்சத்திர மத்தியானத்தில், சூடு அதைச் சுலபமாகத் தாண்டும். இரண்டாம் வருஷமே என்னுடையவை துவண்டுவிட்டன. பேட்டரி மாற்றியதும் பாதி உயிர் வந்தது. மீதிக்குக் காரணம் போர் தண்ணீர்: செடிக்கு ஹோஸ் பிடிக்கும்போது தெறித்த உப்பு, தகட்டின் மேல் வெள்ளைப் படலமாகப் படிந்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்தேன், படலம் போனது. தகட்டின் மேல் பூச்சு மஞ்சளடித்திருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. பேட்டரி மாற்றும்போது ரிமோட்டுக்குப் போடும் 1.5 வோல்ட் செல்லைப் போட்டுவிடாதீர்கள். அது ரீசார்ஜுக்கானது இல்லை, ஒழுகிவிடும்.

சரி, மாற்று என்ன? எலக்ட்ரீஷியன் முதலில் சொன்னது 230 வோல்ட் விளக்குக் கம்பங்கள். ஐந்து வாட்டில் ஆறு விளக்கு, தினம் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 11 யூனிட்தான். யூனிட் ஐந்து ரூபாய் என்றே வைத்தாலும் 55 ரூபாய். வெளிச்சத்தில் இதற்குப் போட்டியே கிடையாது. ஆனால் பள்ளம் வெட்டி, குழாய்க்குள் நல்ல கேபிள் போட்டு, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்தே ஆக வேண்டும். ஈர மண்ணில் 230 வோல்ட் விளையாட்டில்லை. மாமர வேரையும், மாதம் ஒருமுறை மண்வெட்டியோடு இறங்கும் என்னையும் நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன்.

12 வோல்ட் இரண்டுக்கும் நடுவில். அடாப்டர் வீட்டுக்குள் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது, வெளியே போவது 12 வோல்ட் மட்டும். மூன்று வாட்டில் ஆறு விளக்கு, மொத்தம் ஒன்றரை ஆம்பியர். வயரைப் பைப்புக்குள் விட்டு அரையடி ஆழத்தில் புதைத்தேன். மண்வெட்டி பட்டு அறுந்தாலும் ஷாக் அடிக்காது. முதலில் வீட்டில் கிடந்த மெல்லிய ஸ்பீக்கர் வயரைப் போட்டுப் பார்த்தேன், கடைசி இரண்டு விளக்கு மங்கி வழிந்தன. 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயருக்கு மாற்றியதும் சரியானது. ஜாயின்டுகளை டேப் சுற்றி விட்டால் ஒரு மழைக்குச் செம்பு பச்சை பிடிக்கும், தண்ணீர் புகாத பெட்டி வேண்டும். கூலி இல்லாமல் எனக்கு 4,500 ரூபாய் ஆனது. குச்சி விளக்கைப் போல ஐந்து மடங்கு. ஆனாலும் கார்த்திகை மழையில் எரிகிறது.

இன்னொரு சோலார் உண்டு, அதைத் தயங்காமல் வாங்கலாம்: ஆள் வந்தால் எரியும் சென்சார் சுவர் விளக்கு. பெரிய தகடு, லித்தியம் பேட்டரி. ஒரு ராத்திரியில் மொத்தமே சில நிமிடம்தான் முழு வெளிச்சத்தில் எரியும் என்பதால் மூட்டமான நாட்களையும் ஓரளவு தாங்கும். கேட் தூணில் ஒன்று மாட்டியிருக்கிறேன். பூனை போனாலும் எரியும். அந்த சென்சார் உடல் சூட்டுக்கும் சுற்றுச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது, அதனால் புழுக்கமான வைகாசி இரவுகளில் பக்கத்தில் போன பிறகுதான் விழிக்கும்.

அப்படியானால் குச்சி விளக்கை யார் வாங்கலாம்? வாடகை வீட்டுக்காரர்கள். பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். சிமென்ட் போட்ட பாதையை உடைக்க மனமில்லாதவர்கள். நிழலில்லாத முற்றத்தில் படி விளிம்பைக் காட்டினால் போதும் என்பவர்கள். கரண்ட் போகும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்வெர்ட்டர் அத்தனை நாள் தாங்காது. வெயில் திரும்பினால் குச்சி விளக்கு தானாக எரியும்.

வாங்குவதானால் கடையில் நேரில் பார்த்து வாங்குங்கள். அடியில் இருக்கும் சின்ன சுவிட்சை ஆன் செய்து, தகட்டை உள்ளங்கையால் மூடினால் உடனே எரிய வேண்டும். தகட்டின் மேல் கண்ணாடியா, வெறும் பூச்சா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் கழற்ற வேண்டியதே இல்லை சார்" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.