பழைய ராலி ஸ்போர்ட்ஸ்: பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள்

நாட்டிங்ஹாமில் 1950, 60களில் தயாரான மூன்று கியர் ராலி ஸ்போர்ட்ஸ் சைக்கிளைப் பார்க்கப் போனால், முதலில் குனிந்து பின்சக்கரத்தின் நடுவே கியர்கள் அடங்கிய ஹப்பைத் துடைத்துப் பாருங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற கம்பெனிப் பெயரோடு ‘ஏடபிள்யூ’ என்ற ஹப் மாடலும் இரண்டு இலக்க எண்ணும் பொறித்திருக்கும். 58 என்றால் ஹப் 1958-இல் செய்தது. சக்கரத்தை யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால், வண்டியின் வயதுக்கு இது மட்டுமே சாட்சியாகாது. ‘எஸ்டபிள்யூ’ என்றிருந்தால் விலையைக் கறாராகக் குறையுங்கள். 50களின் பிற்பகுதியில் சில காலமே வந்த அந்த ஹப் மிதிக்கும்போது வழுக்கும்.

ஏடபிள்யூ அப்படியல்ல, மாதம் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் தலைமுறை தாண்டி உழைக்கும். பல வருடம் சும்மா கிடந்த ஹப் கியர் பிடிக்கவில்லை என்றால் உடனே ‘போச்சு’ என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே பல்லில் மாட்டும் சின்னக் கொக்கிகள் பழைய பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, சக்கரத்தைச் சுற்றி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பல ஹப்புகள் இதிலேயே உயிர் பெறும்.

கியர் கேபிள் சரியாக இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். லீவரை இரண்டாவது கியரில் வையுங்கள். வலப்பக்க நட்டில் உள்ள ஓட்டை வழியே பார்த்தால், கேபிள் முனையிலுள்ள சின்னச் செயினோடு சேர்ந்த கம்பியின் தோள் அச்சின் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெடல் வெறுமனே சுற்றும். எழுந்து நின்று மிதிப்பவர் கீழே விழுவது இதனால்தான்.

அடுத்தது ஃப்ரேம். மேல் பைப்பும் கீழ் பைப்பும் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட் பைப்பில் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கி மேடு தட்டினால் எதிலோ நேராக மோதிய வண்டி, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மேலோட்டமான துரு, போன பெயின்ட், கிழிந்த சீட் எல்லாம் பேரம் பேசத்தான் உதவும்.

பலரை ஏமாற்றுவது மரை. ராலி தன் பாட்டம் பிராக்கெட்டில், அதாவது பெடல் அச்சு சுழலும் ஃப்ரேம் கூட்டில், அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. மற்றவர்களின் வழக்கம் 24. அந்த அச்சைத் தாங்கும் கப் கடையில் கிடைப்பது ஏறாது, வலிந்து திருகினால் ஃப்ரேமே பாழ். ஆகவே கப்பும் அச்சும் குழி விழாமல் இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றால் பெடல் கையான கிராங்கை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. கழற்றும்போது கிராங்குக்கு அடியில் தடித்த இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி முழுவதும் பேரிங் பால்ஸுக்குப் போகும். புதுப் பின்னின் சாய்தளத்தை அச்சில் முழுக்கப் படியும்வரை ராவிப் போட்டு, ஓரிரு நாள் ஓட்டியபின் நட்டை மறுபடி முடுக்குங்கள்.

ஒரு குறையை மறைக்க முடியாது: குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் பிரேக் பிடிக்காது. அலுமினிய ரிம் போட நினைத்தால், முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக் என்பதை மறக்காதீர்கள். நம்மூர்க் கம்பி பிரேக் சைக்கிளுக்கும் இதே கணக்குதான், ஆனால் அந்த ரிம் 28 அங்குலம், ஸ்போர்ட்ஸுக்கு வேண்டியது 26×1⅜.