சிங்கப்பூரில் ஒரே ஒரு பகல்: தேக்காவா, சைனாடவுனா?

சிங்கப்பூருக்குப் புறப்படும் தமிழரிடம் உறவினர்கள் முதலில் சொல்லும் இடம் லிட்டில் இந்தியா; அங்குள்ள தமிழர் வாயில் தேக்கா. சிராங்கூன் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகை உண்டு, மல்லிகைச் சரம் உண்டு, காலையில் இட்லி உண்டு என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் கையில் ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு சைனாடவுனுக்கு. அதுவும் தமிழர்களின் பழைய தடத்தைப் பார்ப்பதற்காகவே.

சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது. தீவின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். 1819இல், இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் கப்பலில் வந்து, செங்கல் சூளை வைத்து முன்னுக்கு வந்த நாராயண பிள்ளை, மரமும் ஓலையுமாக முதலில் எழுப்பியது. தீபாவளிக்கு முன் நடக்கும் தீமிதியும் இங்கேதான். அதே சாலையில் சற்றுத் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல்.

அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். இன்று அலுவலகக் கோபுரங்களின் நிழலில் கிடக்கும் இந்தத் தெரு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும் வரை கரையோரமாக இருந்தது. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாசுவுக்குத் தியான் ஹொக் கெங் கோயில் கட்டினார்கள். தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்காவைக் கட்டினார்கள். நாகூர் ஆண்டவரைக் கடல் கடந்தும் மறக்கவில்லை. இதே தெருவில் இருக்கும் அல் அப்ரார் பள்ளிவாசல், ஒரு காலத்தில் தமிழர் வாயில் குச்சுப் பள்ளி, அதாவது குடிசைப் பள்ளிவாசல். இத்தனையும் ஒரே தெருவில். இதற்கு ஈடாகச் சொல்ல சிராங்கூன் சாலையில் எனக்கு எதுவும் அகப்படவில்லை.

சிராங்கூன் பக்கம் வெறுமை என்று பொருளில்லை. சுண்ணாம்புக் காளவாய்களும் மாட்டுப் பட்டிகளும் குதிரைப் பந்தயத் திடலும் இருந்த பகுதி அது. வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள் (கம்பம் என்பது ஊரைக் குறிக்கும் மலாய்ச் சொல்). தைப்பூசக் காவடிகள் புறப்படுவது ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து. 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையமும் இங்கே உண்டு. 1900இல் ஒரு சீன வணிகர் கட்டிய வீடு, பல வண்ணம் பூசி, கெர்பாவ் சாலையில் நிற்கிறது. எல்லோரும் படம் எடுப்பது அதைத்தான். மாரியம்மன் சீனர் பேட்டையில், சீனர் வீடு நம் பேட்டையில்! மற்றபடி, நகைக்கடையும் புடவைக்கடையும் பார்க்க விமானம் ஏற வேண்டுமா என்பது என் கேள்வி.

சாப்பாட்டில் தராசு மறுபக்கம் சாய்கிறது. சைனாடவுனில் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தின் ஹைனான் சிக்கன் ரைஸுக்குப் பெரிய பேர். கோழி வெந்த சாற்றிலேயே சோறும் வெந்திருக்கும். காரத்துக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் ஏமாறும். மிளகாய், இஞ்சி விழுதைத் தொட்டுச் சாப்பிட்ட பிறகுதான் அதன் அருமை தெரியும். ஆனால் பல கடைகளில் பன்றி இறைச்சியும் கொழுப்பும் புழங்கும். ஹலால் பார்ப்பவர்களும் சைவர்களும் ஒவ்வொரு கடையிலும் விசாரிக்க வேண்டியிருக்கும். தேக்காவில் அந்தத் தொல்லை குறைவு: பிரியாணி, பரோட்டா, வடைகளைக் காரச் சாற்றில் தொட்டுத் தின்னும் இந்திய ரோஜாக் எனக் கடைகள் அடுத்தடுத்து இருக்கும். ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக்கறி. கேரளத்துக்காரர் ஒருவர் 1949இல் இந்நகரத்திலேயே உருவாக்கியது. சைவர்களுக்கு 1947இலிருந்து கோமளவிலாஸ் இருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே சட்டம்: உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை நீங்களே அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மேசை மேல் தாள் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது வேறொருவர் பிடித்து வைத்த இடம். பேசாமல் அடுத்த மேசைக்குப் போங்கள்.

ஆகவே பகலை சைனாடவுனுக்கும் இரவுச் சாப்பாட்டைத் தேக்காவுக்கும் கொடுங்கள். வடகிழக்கு ரயில் பாதையில் நடுவே இரண்டு நிறுத்தம்தான். வயதான பெற்றோரோ, கண்டிப்பான சைவர்களோ உடன் வந்தால் மட்டும் என் தீர்ப்பு மாறும். அவர்களோடு நாள் முழுக்கத் தேக்கா போதும்.

கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் மாரியம்மனைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஞாயிறு மாலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நண்பர்களைப் பார்க்கத் திரளும் இடம் லிட்டில் இந்தியா. அந்தக் கூட்டத்தில் கலந்து நடப்பது எனக்குப் பிடிக்கும். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்கள் வார நாளில் போகட்டும்.